ரோபோவும் 120 ஆம்பியர் பிரேக்கரும்

மிக்ஸியில் கெட்டியான துவையல் அரைபட்டுக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சை எத்தனை முறை திருப்பினாலும் ஓடாது. அம்மா மிக்ஸியைச் சாய்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்துவார். உடனே அழுத்தினால் பொத்தான் உள்ளே நிற்காமல் வெளியே வந்துவிடும். சற்றுப் பொறுத்து அழுத்தினால்தான் நிற்கும். ஏன் பொறுக்க வேண்டும்? மோட்டார் நின்றதற்கும் துவையலின் கெட்டித்தன்மைக்கும் என்ன உறவு?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட, பள்ளி மாணவர்கள் ரோபோக்களைக் கட்டி மோதவிடும் ஒரு விளையாட்டரங்கத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். மிக்ஸியின் சிவப்புப் பொத்தானுக்கு அங்கே ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் கோபித்துக்கொண்டால் பல வார உழைப்பும் அரை நொடியில் அசையாமல் நின்றுவிடும்.

ஆட்டமும் அதன் விதியும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989-இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ், தம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே மாதிரியான உதிரிப் பொருள்களைக் கொடுத்து, இயந்திரம் செய்து போட்டியிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த யோசனையையே பள்ளி மாணவர்களுக்கு ஏற்றவாறு விரித்தார்கள். முதற்போட்டி 1992-இல் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் கலந்துகொள்கின்றன.

ஒரு பக்கம் மூன்று ரோபோ, எதிர்ப்பக்கம் மூன்று. ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ஒவ்வொரு ரோபோவும் 50 கிலோவுக்கு மேல் கனமுள்ளது. பந்தைப் பொறுக்கும், எறியும், ஏணியில் ஏறும். வழி மறிக்கும் எதிராளியை நெட்டித் தள்ளும். ஆட்டத்தின் வடிவம் ஆண்டுதோறும் மாறும். மாறாதது மின்சார ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே வகைப் பேட்டரி: 12 வோல்ட், ஏறத்தாழ 18 ஆம்பியர்-மணி கொண்ட, மூடி முத்திரையிட்ட ஈய-அமிலப் பேட்டரி. எல்லாருக்கும் ஒரே வகைப் பிரதான பிரேக்கர்: 120 ஆம்பியர். அதற்கு அப்பால் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனிக் கிளைப் பிரேக்கர். பெரிய மோட்டார்களுக்கு 40 ஆம்பியர், சிறியவற்றுக்கு 30 அல்லது 20.

இதைக் கேட்டதும் பெரும்பாலான மாணவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அப்படியானால் இன்னும் நான்கு மோட்டாரைச் சேர்த்துவிட்டால் பலம் இரட்டிப்பாகிவிடாதா?" நல்ல கேள்வி. விடை சொல்லுமுன் மோட்டாருக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

நிற்கும் மோட்டாரே பெருந்தீனிக்காரன்

இப்போட்டியில் நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்தது 'சிம்' என்று அணிகள் அழைக்கும் ஒரு மோட்டார். கார்பன் பிரஷ் வைத்த, சாதாரண நேர்மின்னோட்ட மோட்டார்தான். அதன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; இக்கட்டுரை முழுவதும் தேவைப்படும்.

12 வோல்ட் கொடுத்துச் சுமையின்றி ஓடவிட்டால் நிமிடத்துக்கு 5310 சுற்று சுற்றும். அப்போது குடிப்பது 2.7 ஆம்பியர் மட்டுமே. அதே மோட்டாரின் அச்சை இறுகப் பிடித்துச் சுழலாமல் நிறுத்திவிட்டால் 133 ஆம்பியரை இழுக்கும். முறுக்கு விசை 2.42 நியூட்டன் மீட்டர் இருக்கும்.

வேலையே செய்யாமல் நிற்கும் மோட்டார் இவ்வளவு மின்சாரம் தின்பது விந்தையாகத் தோன்றலாம். காரணம் எளிது. சுழலும் மோட்டார் ஒரு டைனமோவும் ஆகும். அதன் கம்பிச் சுருள் காந்தப் புலத்தில் சுழலும்போது, தனக்குக் கொடுக்கப்பட்ட மின்னழுத்தத்துக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதை எதிர் மின்னியக்கு விசை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பு வளரும். உள்ளே வரும் மின்னோட்டம் குறையும். மோட்டார் நின்றுவிட்டால் எதிர்ப்பு சூன்யம். 12 வோல்ட்டுக்கும் கம்பிக்கும் இடையே வெறும் மின்தடைதான் மிச்சம். 12-ஐ 133-ஆல் வகுத்தால் அது 0.09 ஓம். ஒரு முழ நீளச் செப்புக் கம்பியைப் பேட்டரியின் குறுக்கே வைத்தது போலத்தான். கெட்டித் துவையல் மிக்ஸியின் அலகை மெதுவாக்கியபோது நடந்ததும் இதுவே. வேகம் குறைந்தது, எதிர்ப்பு குறைந்தது, மின்னோட்டம் ஏறியது, பொத்தான் துள்ளி வெளியே வந்தது.

இனி திறனைப் பார்ப்போம். திறன் என்பது முறுக்கு விசையைச் சுழல் வேகத்தால் பெருக்கி வருவது. மோட்டார் நின்றால் வேகம் சூன்யம், திறனும் சூன்யம். சுமையின்றி ஓடினால் முறுக்கு விசை சூன்யம். அப்போதும் திறன் சூன்யம். இரண்டுக்கும் நடுவே, பாதி வேகத்தில், திறன் உச்சத்தை அடைகிறது. சிம் மோட்டாருக்கு அந்த உச்சம் 337 வாட். அரைக் குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் அந்த உச்சத்தில் மோட்டார் இழுப்பது ஏறத்தாழ 68 ஆம்பியர். 12 வோல்ட்டை 68-ஆல் பெருக்கினால் 816 வாட். உள்ளே போவது 816, அச்சில் கிடைப்பது 337. மீதி ஏறத்தாழ 480 வாட் மோட்டாரைக் காய்ச்சுகிறது. ஒரு சிறு சலவைப் பெட்டியின் சூடு, கைக்கு அடக்கமான உருளைக்குள்!

இப்போது 40 ஆம்பியர் பிரேக்கரின் நியாயம் புரியும். 40 ஆம்பியரில் ஓடும்போது இதே மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3800 சுற்று சுற்றி 275 வாட் தருகிறது. உள்ளே போவது 480 வாட். உச்சத் திறனில் 62 வாட்டை விட்டுக்கொடுத்தால், வீணாகும் சூட்டில் பாதிக்கு மேல் மிச்சமாகிறது. பிரேக்கரைத் திட்டும் மாணவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

40 என்றால் 40 அல்ல

அப்படியானால் ரோபோ புறப்படும் ஒவ்வொரு முறையும் பிரேக்கர் விழுந்துவிட வேண்டுமே? புறப்படும் கணத்தில் எல்லா மோட்டாரும் நின்றுகொண்டுதானே இருக்கின்றன? 133 ஆம்பியரை நோக்கி அவை பாயுமே?

விழுவதில்லை. ஏனெனில் இந்த பிரேக்கர் மின்னோட்டத்தை நேரடியாக அறியாது. அது அறிவது சூட்டை மட்டுமே. உள்ளே இருப்பது ஈருலோகத் தகடு. சூட்டில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரியும் இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிய தகடு. மின்னோட்டம் அதன் வழியே பாயும்போது அது சூடேறி வளைகிறது; போதிய அளவு வளைந்ததும் இணைப்பு விலகுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், வெப்பமாற்றத்தால் கடிகாரம் பிழைபடாதிருக்க இத்தகைய தகட்டைப் பயன்படுத்தினார்.

ஆனால் மெல்ல மெல்ல வளையும் தகடு பிரேக்கருக்கு உதவாது. இணைப்பு சிறுகச் சிறுக விலகினால் இடைவெளியில் தீப்பொறி நீண்டு எரிந்து உலோகத்தை உருக்கிவிடும். 'டப்' என்று ஒரே துள்ளலில் விலக வேண்டும். இதற்கு வழி கண்டவர் ஜான் ஸ்பென்சர் என்னும் அமெரிக்கர். இளவயதில் மெய்ன் மாநிலத்தில் ஒரு மர ஆலையின் கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தபோது, உலையின் இரும்புக் கதவு சூடேறினால் 'டப்' என்று ஒரு பக்கம் குழிவதையும், ஆறினால் மறுபடி 'டப்' என்று திரும்புவதையும் கவனித்தாராம். அந்த ஓசையைக் கேட்டே விறகு போட வேண்டிய நேரத்தை அறிந்துகொள்வாராம். அந்தக் கதவே பின்னாளில் ஈருலோகக் குழித்தட்டாக உருவெடுத்தது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் 'டிக்' என்று கேட்கிறதே, அதுவும் இதே துள்ளல்தான்.

சூடேற நேரம் வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு பிறக்கிறது என்பது ஜூல் விதி. 40 ஆம்பியரில் பிறக்கும் சூட்டைப் போல 80 ஆம்பியரில் நான்கு மடங்கும், 133-இல் பதினொரு மடங்கும் பிறக்கும். ஆனாலும் தகட்டுக்கென்று ஒரு வெப்பக் கொள்ளளவு இருக்கிறதல்லவா? 40 ஆம்பியர் பிரேக்கர் 80 ஆம்பியரை ஒன்றரை நொடிக்கு மேல் தாங்கும். ரோபோ புறப்பட்டு வேகம் பிடிப்பதற்கு அது போதும். அதற்குள் எதிர் மின்னியக்கு விசை வளர்ந்து மின்னோட்டத்தை அடக்கிவிடும்.

மிக்ஸிப் பொத்தானை உடனே அழுத்தினால் ஏன் நிற்பதில்லை என்பதும் இப்போது விளங்கியிருக்கும். தகடு ஆற வேண்டும்.

கிளைப் பிரேக்கருக்கும் பிரதான பிரேக்கருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கிளைப் பிரேக்கர் ஆறியதும் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு சக்கரம் சில நொடி ஓய்ந்து மீண்டும் சுழலும். பிரதான பிரேக்கரோ, விழுந்தால் யாராவது கையால் தூக்கிவிட்டால்தான் உண்டு. ஆட்டம் நடக்கும்போது களத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. ஆகவே 120 ஆம்பியர் பிரேக்கர் விழுந்த ரோபோ, மீதி ஆட்டம் முழுவதும் ஒரு கல்லுப்பிள்ளையார்தான். மூவருக்கு எதிராக இருவர் ஆட வேண்டியதுதான்.

இந்தப் பிரேக்கரில் ரோபோவைக் கையால் அணைப்பதற்கான சிவப்புப் பொத்தானும் இருக்கிறது. எளிதில் எட்டும் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பது விதி. எட்டும் இடத்தில் வைத்தால் எதிராளியின் கையும் எறிந்த பந்தும்கூட எட்டிவிடும்! மோதலில் பொத்தான் அழுந்தி நின்றுபோன ரோபோக்கள் உண்டு. அதனால் பொத்தானைச் சுற்றிச் சிறு வேலி கட்டுகிறார்கள்.

இன்னொரு விஷயம். பிரேக்கருக்கு நினைவாற்றல் உண்டு. இறுதிச் சுற்றில் அடுத்தடுத்து ஆட்டங்கள் வரும்போது முந்தைய ஆட்டத்தின் சூடு அதற்குள் மிச்சமிருக்கும். காலையில் தாங்கிய மின்னோட்டத்தை மாலையில் தாங்காது. விவரமறிந்த அணிகள் இடைவேளையில் மோட்டாருக்கும் பிரேக்கருக்கும் விசிறி வைத்துக் காற்றடிப்பதைக் காணலாம்.

பேட்டரியின் உள்ளே ஒரு சுமை

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். 40 ஆம்பியர் கிளைகள் எட்டு இருந்தால் மொத்தம் 320 ஆம்பியர். பிரதான வாசலோ 120. இது என்ன கணக்கு?

வீட்டில் இருப்பதும் இதே கணக்குத்தான். எல்லா அறைகளின் பியூஸ்களையும் கூட்டினால் மீட்டருக்கு அருகிலுள்ள பிரதான பியூஸை மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு அளவில் ஓட்டமாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் அப்படி வைக்கிறார்கள். ரோபோ கட்டுபவரும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும்.

ஆனால் உண்மையான வரம்பு பிரேக்கரில் மட்டும் இல்லை. பேட்டரிக்குள்ளேயும் இருக்கிறது. எந்தப் பேட்டரிக்கும் அக மின்தடை உண்டு. இப்போட்டியின் நல்ல பேட்டரிக்கும் அதிலிருந்து மோட்டார் வரை செல்லும் கம்பி, இணைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.02 ஓம் என்று கொள்வோம். மிகச் சிறிய எண். வானொலிப் பெட்டியில் இதைப் பொருட்படுத்தவே மாட்டோம். ஆனால் 120 ஆம்பியர் பாயும்போது 2.4 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்.

300 ஆம்பியர் பாய்ந்தால்? 6 வோல்ட் உள்ளே, 6 வோல்ட் வெளியே. வெளியே கிடைக்கும் திறன் 6 × 300 = 1800 வாட். இதைவிட அதிகம் இழுக்க முயன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். 400 ஆம்பியரில் உள்ளே 8 வோல்ட் போய்விடுகிறது; வெளியே 4 வோல்ட் × 400 = 1600 வாட். கூட இழுத்தும் குறைவாகக் கிடைக்கிறது! 1800 வாட்தான் இந்தப் பேட்டரியின் உச்சி. அங்கேயும் இன்னொரு 1800 வாட் பேட்டரிக்கும் கம்பிக்கும் சூடாகிறது. நான்கு சிம் மோட்டாரை வைத்தாலும் நாற்பதை வைத்தாலும் இந்த உச்சியைத் தாண்ட முடியாது.

ஆற்றலுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. ஆட்டம் முழுவதும் 120 ஆம்பியர் வீதம் இழுத்தாலும் இரண்டரை நிமிடத்தில் செலவாவது 5 ஆம்பியர்-மணிதான். குடம் பெரியது, கழுத்துத்தான் குறுகியது.

பேட்டரியின் மின்னழுத்தம் வீழ்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. ரோபோவின் மூளையாகிய கணிப்பொறியும் அதே பேட்டரியில்தான் உயிர்வாழ்கிறது. 2015-இல் இப்போட்டிக்கு வந்த 'ரோபோரியோ' என்னும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறி, மின்னழுத்தம் 6.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களுக்கான கட்டளையை நிறுத்திவிடும். மோட்டார் நின்றதும் மின்னழுத்தம் எழும்; கட்டளை திரும்ப வரும்; மீண்டும் வீழும். ரோபோ விக்கி விக்கி நகரும். பார்வையாளருக்கு ஓட்டுநர் தடுமாறுவதுபோலத் தெரியும்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். உடைந்த பொம்மைக் காரின் மோட்டார் ஒன்று, பழைய பேனாப் பேட்டரி ஒன்று, 1.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரையும் பல்பையும் பக்க இணைப்பில் பேட்டரியோடு சேருங்கள். மோட்டார் ஓட, பல்பு எரியும். இப்போது மோட்டாரின் அச்சை விரலால் ஒரு நொடி பிடித்து நிறுத்துங்கள். பல்பு மங்கும், விட்டால் பளிச்சிடும். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுச் செய்யுங்கள். மங்கல் குறையும். அக மின்தடையைக் கண்ணால் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், மோட்டார் சுடும்.

நெட்டித் தள்ளும் கணக்கு

இரண்டு ரோபோக்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு தள்ளுகின்றன. யார் வெல்வார்? பெரிய மோட்டார் வைத்தவர் என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம்.

பேட்டரி, சுற்றுக் காப்பு மெத்தை எல்லாம் சேர்த்து ஒரு ரோபோவின் நிறை 68 கிலோ என்று கொள்வோம். எடை ஏறத்தாழ 667 நியூட்டன். சக்கரத்தின் ரப்பர், களத்தில் விரித்த கம்பளத்தைப் பற்றும் உராய்வுக் குணகம் 1.1 என்று கொள்வோம். (உராய்வுக் குணகம் ஒன்றைத் தாண்டாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை.) அப்படியானால் இந்த ரோபோ தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 733 நியூட்டன். அதற்கு மேல் சக்கரம் வழுக்கிச் சுழலுமே தவிர விசை கூடாது.

சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர். ஆகவே வழுக்கல் தொடங்கத் தேவையான மொத்த முறுக்கு விசை 36.7 நியூட்டன் மீட்டர். இதை நான்கு சிம் மோட்டார்கள் பற்சக்கரத் தொகுதி வழியே தர வேண்டும். பற்சக்கரத்தில் ஏற்படும் இழப்பை விட்டுவிடுவோம்.

பற்சக்கர விகிதம் 10-க்கு 1 என்றால் ஒவ்வொரு மோட்டாரும் தர வேண்டியது 0.92 நியூட்டன் மீட்டர். அதற்குத் தேவை 52 ஆம்பியர். நான்குக்கும் சேர்த்து 208. பேட்டரி மின்னழுத்தம் 7.8 வோல்ட்டுக்கு இறங்கும், கணிப்பொறி பிழைக்கும். சக்கரங்கள் வழுக்கத் தொடங்கும். பிரேக்கர்கள் சில நொடி தாங்கும். இந்த ரோபோவின் உச்ச வேகம் நொடிக்கு 2.8 மீட்டர்.

"இது நத்தை வேகம், 6-க்கு 1 வைப்போம்" என்று ஓர் அணி முடிவு செய்கிறது. உச்ச வேகம் நொடிக்கு 4.6 மீட்டராகிறது. வெறும் களத்தில் பறக்கும். ஆனால் தள்ளுமுள்ளில்? வழுக்குவதற்கு ஒவ்வொரு மோட்டாரும் 85 ஆம்பியர் இழுக்க வேண்டும், மொத்தம் 340. பேட்டரியில் உள்ளே தொலைவது 6.8 வோல்ட், மிச்சம் 5.2. ஆனால் 0.09 ஓம் மோட்டாருக்குள் 85 ஆம்பியரைச் செலுத்தவே 7.6 வோல்ட் வேண்டுமே! முடியாது. எனவே சக்கரம் வழுக்காது; சுழலவும் சுழலாது. நான்கு மோட்டாரும் அப்படியே நின்றுகொண்டு மொத்தம் 282 ஆம்பியரை உறிஞ்சும். பேட்டரியில் 6.4 வோல்ட், கணிப்பொறி மயக்கத்தின் விளிம்பில். கிளைப் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் 70 ஆம்பியர், பிரதான பிரேக்கரில் அதன் அளவைப்போல் இரு மடங்குக்கு மேல். தள்ளும் விசையோ முந்தையதைவிடக் குறைவு. ஓட்டுநர் கைப்பிடியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மிச்சக் கதையை நீங்களே சொல்லிவிடலாம்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் சக்கரம் வழுக்கும் எல்லையை முதலில் கணக்கிட்டு, அந்த எல்லையில் மின்னோட்டம் அடங்குமாறு விகிதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழுக்கும் சக்கரம் பிரேக்கருக்கு ஒரு பாதுகாப்பு வால்வு. வேகமும் வேண்டும், தள்ளவும் வேண்டும் என்பவர்கள், காரில் கியர் மாற்றுவதுபோல இரண்டு விகிதங்களை வைத்து, அழுத்தக் காற்றால் இயங்கும் சிறு பிஸ்டனைக் கொண்டு மாற்றிக்கொள்கிறார்கள். என் கண்ணுக்கு அது மிக அழகான ஏற்பாடு. எடையும் வேலையும் கூடுதல்தான்.

கிழப் பேட்டரியும் தளர்ந்த மரையும்

பேட்டரிக்கு வயதாகும். பல ஆட்டங்கள் கண்டு, பலமுறை முழுதும் வடிந்த பேட்டரியின் அக மின்தடை ஏறிவிடும். கம்பிகளையும் சேர்த்து 0.04 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத் திறன் 1800-இலிருந்து 900 வாட்டாகச் சரிகிறது. 10-க்கு 1 விகிதம் கொண்ட அதே நல்ல ரோபோ, 208 ஆம்பியர் கேட்டால், இந்தப் பேட்டரியால் தர முடிவது 192 மட்டுமே. அதுவும் 4.3 வோல்ட்டில். அதற்கு வெகு முன்பே, 142 ஆம்பியரிலேயே 6.3 வோல்ட் எல்லை வந்து கணிப்பொறி கைவிரித்துவிடும். காலையில் எதிராளியைச் சுவர்வரை தள்ளிய ரோபோ மாலையில் விக்கி நிற்கிறது. மின்னழுத்தமானியில் பார்த்தால் இந்தப் பேட்டரியும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சுமையில்லாமல் அளந்தால் கிழத்தை அறிய முடியாது. அதனால்தான் பேட்டரிக்குப் பேட்டரி எண் எழுதி, அக மின்தடையை அளந்து, நோட்டில் குறித்து, முக்கியமான ஆட்டங்களுக்கு நல்லதை ஒதுக்கி வைக்கிறார்கள்.

பேட்டரி புதிதாகவே இருந்து, முனையின் மரை தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். சரியாகப் பதியாத இணைப்பில் 0.005 ஓம் கூடினால், 200 ஆம்பியரில் 1 வோல்ட் போய்விடும். அந்த ஒரே மரையில் 200 வாட் சூடு! தொட்டால் கை வெந்துவிடும். ஆட்டத்துக்கு முன் முனையைக் கையால் அசைத்துப் பார்க்கும் வழக்கம் இதனால் வந்தது.

புதிய மோட்டார்கள், பழைய வாசல்

2019-இலிருந்து கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்கள் களத்துக்கு வந்தன. அந்த ஆண்டு வந்த 'நியோ' ஏறத்தாழ 406 வாட் தந்தது. 2020-க்கான 'ஃபால்கன் 500' 783 வாட்டைத் தொட்டது. அதற்குப்பின் வந்த 'கிராக்கன் எக்ஸ் 60' 1100 வாட்டுக்கும் மேல். நிறுத்திப் பிடித்தால் 366 ஆம்பியரை இழுக்க வல்லது. ஒரே மோட்டார் பேட்டரியின் முழுச் சக்தியையும் குடித்துவிடப் பார்க்கிறது. பேட்டரி அதே 12 வோல்ட். பிரேக்கர் அதே 120. கிளையும் அதே 40. 12 வோல்ட்டில் 480 வாட் தொடர்ந்து ஓடலாம், அவ்வளவே.

அப்படியானால் பெரிய மோட்டார் எதற்கு? அதன் உச்சத்தை எட்டுவதற்காக அல்ல. அதே 40 ஆம்பியரில் குறைந்த சூட்டில் அதிக வேலை வாங்கலாம் என்பதற்காக. குறுகிய நேரம் பாய வேண்டிய இடத்தில் பாயவும் செய்யும். இத்தகைய மோட்டார்களில் மின்னோட்டத்துக்கு நிரல் மூலமே மேல்வரம்பு வைக்கலாம். சக்கர மோட்டார் ஒவ்வொன்றும் இத்தனை ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்று மாணவர் எழுதி வைத்துவிட்டால், ஓட்டுநர் எவ்வளவு ஆவேசமாக அழுத்தினாலும் அதற்கு மேல் போகாது. தகடு சூடாகித் துள்ளும்வரை காத்திராமல் சில ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் நிரல் கடிவாளத்தை இழுத்துவிடும். இன்று தேர்ந்த அணிகளில் பேட்டரியின் மின்சாரத்தை எந்த உறுப்புக்கு எப்போது எவ்வளவு என்று பங்கிடுவதே ஒரு தனி வேலையாகிவிட்டது. எறியும் சக்கரம் வேகம் பிடிக்கும்போது ஓடும் சக்கரத்துக்குக் குறைத்துக்கொடு, ஏணியில் ஏறும்போது மற்றதையெல்லாம் நிறுத்து என்று வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுவது போல எழுதுகிறார்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. மேலே சொன்ன அதே ரோபோ, அதே நான்கு சிம் மோட்டார்கள். பற்சக்கர விகிதம் 8-க்கு 1. சிம் மோட்டார் சுமையற்ற 2.7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் 0.0186 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். சக்கரம் வழுக்குமா, நின்றுவிடுமா? அப்போது பேட்டரியில் எத்தனை வோல்ட்? 0.02 ஓம் பேட்டரிக்கு ஒருமுறையும், 0.04 ஓம் பேட்டரிக்கு ஒருமுறையும் போட்டுப் பாருங்கள்.